பெட்டியில் கிடைத்த சிறுவயதுக் கதைப்புத்தகங்களை என்ன செய்வது?

நீங்கள் கேட்டது இதுதான்: சுமார் 30 வருடம் மூடிக் கிடந்த பெட்டியில் உங்கள் சிறுவயதுக் கதைப்புத்தகங்கள் கிடைத்திருக்கின்றன. தாள் பழுப்பேறிவிட்டது, ஒன்றின் அட்டை கழன்றுவிட்டது, எப்போதோ ஒட்டிய செலோடேப் மஞ்சளாகிப் பிசுபிசுக்கிறது, ஓரங்களைப் பூச்சி அரித்திருக்கிறது, திறந்தால் ஒரு நெடி. இவற்றைப் புதிது போலாக்கி 5 வயது மகளுக்கு வாசித்துக் காட்ட முடியுமா? இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. புத்தகம் இன்னும் எவ்வளவு காலம் தாங்கும் என்பது ஒன்று, அதைக் குழந்தை கையில் கொடுக்கலாமா என்பது மற்றொன்று. கதை மட்டும் வேண்டுமென்றால் மறுபதிப்பு வாங்கியிருப்பீர்கள். உங்களுக்கு வேண்டியது அந்தப் பிரதி. கோணலாக எழுதிய பெயர், யானைக்குப் பூசிய பச்சைக் கிரேயான், மடித்து வைத்த மூலை எல்லாம் அந்தப் பிரதியைச் சேர்ந்தவை. ஆகவே புதிதாக்கும் எண்ணத்தை விடுங்கள். எவ்வளவு குறைவாகச் செய்ய முடியுமோ அவ்வளவு செய்யுங்கள், செய்வதும் பின்னால் ஒருவர் சேதமில்லாமல் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். கீழே சொல்வதெல்லாம் இந்த ஒரு விதியிலிருந்து வருவதுதான்.

முதலில் தாள். மலிவான கதைப்புத்தகங்களும் சிறுவர் இதழ்களும் பெரும்பாலும் நியூஸ்பிரிண்ட் வகைத் தாளில் அச்சானவை. மரத்தை அரைத்து எடுத்த கூழில் லிக்னின் என்ற பொருள் அப்படியே தங்கியிருக்கும். வெளிச்சமும் காற்றும் பட்டால் அது பழுப்பாகும். ஓரம் முதலில் பழுப்பேறி நடு வெளிறியே இருப்பதற்குக் காரணம், மூடிய புத்தகத்துக்குள் காற்று ஓரம் வழியாகத்தான் போகிறது. நிறத்தைவிடக் கவலைக்குரியது அமிலம். தாளில் மை பரவாமலிருக்கப் படிகாரமும் மரப்பிசினும் சேர்ப்பது 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பரவலான முறை. அந்தப் படிகாரம் ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகி, தாளுக்கு வலுக்கொடுக்கும் செல்லுலோஸ் இழைகளைத் துண்டுதுண்டாக வெட்டுகிறது. 1980, 90-களில் பல ஆலைகள் கால்சியம் கார்பனேட் கலந்த காரத் தாளுக்கு மாறின. அதனால்தான் ஒரே பெட்டியில் ஒரே காலம் கிடந்தும் ஒரு புத்தகம் வெள்ளையாகவும் அடுத்தது தேநீர் நிறத்திலும் இருக்கும். உறுதியாகச் சொல்லக்கூடியது: அறுந்த இழை மறுபடி சேராது. அமிலநீக்கம் செய்தால் அழிவு மெதுவாகும், இழந்த வலு திரும்பாது. வீட்டில் அதைச் செய்யவே வேண்டாம், சில மைகள் நிறம் மாறிவிடும்.

உங்கள் புத்தகம் எந்த நிலையில் இருக்கிறது என்று அறிய நீங்களே சிறுவயதில் ஒரு சோதனை செய்து வைத்திருக்கிறீர்கள். பக்கத்தின் மூலையை மடித்து அடையாளம் வைத்திருப்பீர்கள் அல்லவா, அதைப் பாருங்கள். நூலகங்களில் தாளின் மூலையை முன்னும் பின்னுமாக மடித்து எத்தனை மடிப்பில் உடைகிறது என்று பார்ப்பார்கள். நீங்கள் புதிதாக மடிக்காதீர்கள். பழைய மடிப்பை ஈரமற்ற விரலால் மெல்ல நிமிர்த்தினால் போதும். நிமிர்ந்து கொடுத்தால் அந்தப் புத்தகத்தை இன்னும் பலமுறை வாசிக்கலாம். மடிப்புக்கோட்டில் வெடிப்புத் தெரிந்தால் அப்படியே விட்டுவிடுங்கள், அந்தப் புத்தகத்தை வாசிப்பதைவிடப் படம் எடுத்து வைப்பதே நல்லது. மூலை கையோடு வந்துவிட்டால் அதைத் தூக்கிப் போடாமல் ஒரு சிறிய உறையில் பக்க எண் எழுதிப் போட்டு வையுங்கள்.

வீட்டிலுள்ள மற்ற புத்தகங்களோடு இவற்றை உடனே சேர்க்காதீர்கள். பூச்சி உயிரோடு இருக்கிறதா என்று தெரிய வேண்டும். பேச்சில் எல்லாவற்றையும் ராமபாணம் என்றே சொல்லிவிடுகிறோம், ஆனால் சேதத்தைப் பார்த்தால் வேறுபாடு தெரியும். தாளின் மேற்பரப்பைச் சுரண்டியது போல ஒழுங்கற்ற ஓரத்தோடு அரித்திருந்தால் அது வெள்ளி நிறத்தில் நழுவி ஓடும் பூச்சி, பசையும் மாவுப்பொருளும் அதற்குப் பிடிக்கும். பல பக்கங்களை ஊடுருவி உருண்டையான துளை போயிருந்தால் அது வண்டின் புழு. துளையடியில் புதிய மெல்லிய தூள் விழுந்துகொண்டே இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. குண்டூசித் தலையைவிடச் சிறிய வெளிறிய பூச்சிகள் ஊர்ந்தால் அது புத்தகப் பேன். பூசணத்தைத் தின்று வாழ்வதால் அது இருக்கும் இடத்தில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம், முதலில் ஈரத்தைப் போக்க வேண்டும்.

பூச்சியைக் கொல்ல மருந்தைவிடக் குளிர் நல்லது. புத்தகத்தைப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை வெளியே அழுத்தி எடுத்து, வாயை நன்றாக ஒட்டி, இன்னொரு பையிலும் போட்டு ஃப்ரீசரில் 2 வாரம் வைக்கலாம். ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரி செல்சியஸுக்காவது போகிறதா என்று வெப்பமானி வைத்துப் பாருங்கள். குளிர்பெட்டிக்குள்ளேயே இருக்கும் சிறிய பனிக்கட்டி அறை பெரும்பாலும் அவ்வளவு குளிராது. வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, இதில்தான் பலரும் தவறுகிறார்கள். குளிர்ந்த தாள்மேல் அறைக்காற்றின் ஈரம் நீராகப் படியும். 24 மணி நேரம் அறை வெப்பத்தில் மூடியபடி வைத்துப் பிறகு திறவுங்கள். குளிர் பூச்சியைக் கொல்லும், பூசணத்தின் வித்துக்களைக் கொல்லாது, தூங்க மட்டும் வைக்கும். நாப்தலீன் உருண்டை வேண்டவே வேண்டாம். அந்த நெடி தாளில் ஏறினால் எளிதில் போகாது, குழந்தைகளுக்கு அந்த ஆவி கெடுதல். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைக்கு அது ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கக்கூடும்.

பூசணம் பிசுக்காக ஒட்டினால் அது ஈரமாக இருக்கிறது. துடைத்தால் தாளுக்குள் அப்பிவிடும். காற்றோட்டமான நிழலில் பக்கங்களை விசிறியாகச் சற்றுத் திறந்து உலரவிட்டு, அது தூளாக ஆன பிறகு, வீட்டுக்கு வெளியே, என்95 முகக்கவசம் போட்டுக்கொண்டு மென்மையான அகலத் தூரிகையால் உள்மடிப்பிலிருந்து வெளிப்பக்கமாக மட்டும் தள்ளுங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். வெயிலில் காயவைக்கும் ஆசையையும் அடக்குங்கள், பழுப்பை வேகப்படுத்துவதே அந்த வெளிச்சம்தான். சாதாரணத் தூசிக்கும் இதே தூரிகை போதும். அழுக்குப் படிந்த ஓரத்தில் வெள்ளை வினைல் ரப்பரை ஒரே திசையில் லேசாகத் தேய்க்கலாம். பென்சில் எழுத்து, வண்ணப் பென்சில், கிரேயான் உள்ள இடத்துக்கு ஒரு விரற்கடை தள்ளியே நிறுத்துங்கள். பழுப்புப் புள்ளிகள் சிதறிக் கிடக்கின்றனவா? அவை தாளிலுள்ள இரும்புத் துகளால் வருகின்றனவா, பூசணத்தால் வருகின்றனவா, இரண்டும் சேர்ந்தா என்பதில் இன்றும் ஒரே கருத்து இல்லை. வெளுப்பான் போட்டுப் போக்க முயன்றால் தாள் போய்விடும் என்பதில் மட்டும் சந்தேகமே இல்லை.

நெடியைப் பற்றி. பூசண நெடி வேறு, பழைய புத்தக மணம் வேறு. புளிப்பும் லேசான இனிப்பும் கலந்த அந்த மணம், தாள் சிதையும்போது வரும் அசிட்டிக் அமிலம், ஃபர்ஃப்யூரல் போன்ற ஆவிகளின் கலவை. 2009-ல் லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் மத்தியா ஸ்டர்லிச் குழுவினர் இந்த ஆவிகளைப் பகுத்து, புத்தகத்தைத் தொடாமலே அதன் நிலையைக் கணிக்கலாம் என்று காட்டினார்கள். பக்கத்தை முகர்ந்ததும் உங்களைச் சிறுவயதுக்குக் கொண்டுபோகும் அந்த மணம், அந்தத் தாள் கரைந்துகொண்டிருப்பதன் மணம். அதைப் போக்க வேண்டியதில்லை. ஈர நெடி மட்டும் குறைய வேண்டுமென்றால் ஒரு மூடிபோட்ட பெட்டியின் அடியில் திறந்த கிண்ணத்தில் தூள்கரி அல்லது சமையல் சோடா வைத்து, மேலே தட்டு போட்டு, புத்தகத்தை நிறுத்தி 1 முதல் 2 வாரம் விடுங்கள். தூள் தாளில் படக் கூடாது. முழுதாகப் போகாது, ஆனால் குறையும்.

இனி செலோடேப். கிழிந்த பக்கத்தைப் பார்த்துத் துடித்து நீங்களே ஒட்டியிருப்பீர்கள். அன்று தெளிவாக இருந்த ரப்பர் பசை காற்றுப்பட்டு முதலில் எண்ணெய் போல இளகித் தாளுக்குள் இறங்குகிறது, அந்த இடம் மஞ்சளாகி ஒளி ஊடுருவும். பிறகு இறுகிப் பழுப்பாகிறது, மேலிருந்த நாடா தானே உதிர்ந்துவிடுகிறது. உங்களுடையது பிசுபிசுக்கிறது என்றால் நடுக்கட்டத்தில் இருக்கிறது. நாடாவின் ஒரு முனை தளர்ந்திருந்தால் முயலலாம். முதலில் பின்பக்கத்தில் கிரேயான் இருக்கிறதா பாருங்கள், இருந்தால் சூடு காட்டாதீர்கள், மெழுகு உருகி எதிர்ப்பக்கத்தில் ஒட்டிவிடும். இல்லையென்றால் முடி உலர்த்தியை மிகக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து 10 விநாடி காட்டி, நாடாவை மேல்நோக்கி இழுக்காமல் அதன் மேலேயே மடித்து, தாளோடு படிந்தபடி ஒருமுறைக்கு 2 மி.மீ. மட்டும் பின்னுக்கு இழுங்கள். தாளின் நார் எழும்பி வந்தால் அந்த நொடியே நிறுத்தி மறுமுனையிலிருந்து தொடங்குங்கள். அங்கும் நார் வந்தால் விட்டுவிடுங்கள். மிஞ்சிய பசையைக் கிரேப் ரப்பர் கட்டியால் ஒற்றி உருட்டி எடுக்கலாம், நியூஸ்பிரிண்டில் அதுவும் வேண்டாம். தின்னர், பெட்ரோல், நகப்பூச்சு நீக்கி எதுவும் கூடாது. பசையோடு அச்சு மையும் கரையும், கறை பெரிதாகும். எடுக்க முடியாத பிசுக்குக்கு மேல் சிலிக்கான் பூசிய பேக்கிங் தாளை வெட்டி இடையில் வைத்தால் அடுத்த பக்கத்தோடு ஒட்டாமலாவது இருக்கும். மஞ்சள் கறை வீட்டில் போகாது.

கிழிசலை ஒட்ட வேண்டியது ஜப்பானிய டிஷ்யூ தாளால். பேப்பர் மல்பெரி மரத்தின் நீண்ட நாரில் செய்யப்படுவது அது. சாதாரணப் பக்கத்துக்குச் சதுர மீட்டருக்கு 8 முதல் 12 கிராம் எடையுள்ளது போதும். அதைக் கத்தரியால் வெட்டாதீர்கள். மெல்லிய தூரிகையால் தண்ணீர்க்கோடு இழுத்து, ஈரம் இறங்கியதும் இரண்டு பக்கமும் மெல்ல இழுத்துப் பிரியுங்கள், ஓரத்தில் நார்கள் மீசைபோல நீட்டிக்கொண்டிருக்கும். வெட்டிய நேர் ஓரம் பக்கத்தில் கடினமான கோடாக நிற்கும், பக்கம் வளையும்போது அந்தக் கோட்டில்தான் மறுபடி கிழியும். நார் ஓரம் வலுவைப் படிப்படியாகப் பரப்புகிறது. பட்டை கிழிசலைவிட இரண்டு பக்கமும் 3 மி.மீ. அகலமாக இருந்தால் போதும். பசைக்கு 3 கிராம் மெத்தில் செல்லுலோஸ் தூளை 100 மி.லி. தண்ணீரில் தூவிக் கலக்கி ஒரு இரவு விடுங்கள், தெளிந்த கூழாகும். பூச்சி இதைத் தின்னாது, ஈரம் காட்டினால் பிரிந்து வரும். வலு அதிகம் வேண்டிய இடத்தில் கோதுமை ஸ்டார்ச் பசை: 1 பங்கு ஸ்டார்ச்சை 5 பங்கு தண்ணீரில் அரைமணி ஊறவைத்து, சிறு தீயில் விடாமல் கிளறி, வெண்மை போய்க் கண்ணாடி போலாகும் வரை 15 முதல் 20 நிமிடம் காய்ச்சி, ஆறியதும் சல்லடையில் தேய்த்து எடுங்கள். மைதாவில் காய்ச்சினால் அதிலுள்ள புரதம் பூச்சியை அழைக்கும், அதனால் தனி ஸ்டார்ச்தான் வேண்டும். குளிர்பெட்டியில் 3, 4 நாளுக்கு மேல் வைக்க வேண்டாம்.

ஒட்டுவதற்கு முன் கிழிசலைக் கூர்ந்து பாருங்கள். கிழிந்த ஓரம் ஒரே கோடாக இருக்காது, ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் சரிந்திருக்கும். எது எதன்மேல் படிய வேண்டும் என்று பார்த்துப் பொருத்தாவிட்டால் எழுத்துக்கு நடுவே வெள்ளைக் கோடு விழும். பட்டையில் பசையை மெல்லியதாகத் தடவி, ஒரு மை ஒற்றும் தாளில் ஒருமுறை வைத்து எடுத்து அதிக ஈரத்தைப் போக்கிவிட்டு, எழுத்துக் குறைவாக உள்ள பக்கத்தில் ஒட்டுங்கள். மேலும் கீழும் நெய்யாத பாலியெஸ்டர் துணி, அதற்கு வெளியே மை ஒற்றும் தாள், அதன்மேல் கண்ணாடி, 1 கிலோ பாரம். 10 நிமிடத்தில் ஒற்றும் தாளை மாற்றி இரவு முழுக்க விடுங்கள். அவசரப்பட்டு எடுத்தால் அந்த இடம் சுருங்கி அலையடிக்கும். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை இங்கே உதவாது. காய்ந்தபின் அது பிளாஸ்டிக், பிரிக்க வராது. பளபளப்பான ஆர்ட் பேப்பர் படப்புத்தகத்துக்கு இந்த முறையே வேண்டாம். அதன்மேலுள்ள பூச்சு ஈரம் பட்டால் இளகிப் பக்கத்துக்குப் பக்கம் ஒட்டிக்கொள்ளும், காய்ந்தபின் யாராலும் பிரிக்க முடியாது.

சிறுவர் இதழ்களிலும் மெல்லிய படக்கதைகளிலும் சென்டர் பின் துருப்பிடித்திருக்கும். துரு தாளையும் தின்னும், பின்னைச் சுற்றிப் பழுப்பு வட்டம் விழுந்து ஒருநாள் நடுத்தாள் கழன்று விழும். பின் எடுக்கும் கருவியை வெளிப்பக்கத்திலிருந்து செருகாதீர்கள், முதுகு கிழியும். நடுப்பக்கத்தைத் திறந்து, பின்னின் காலுக்கும் தாளுக்கும் நடுவே ஒரு துண்டு பாலியெஸ்டர் தாளைச் செருகி, மழுங்கிய மெல்லிய ஸ்பேட்டுலாவால் இரண்டு கால்களையும் செங்குத்தாக நிமிர்த்துங்கள். பிறகு புத்தகத்தைத் திருப்பி முதுகிலிருந்து பின்னைச் சற்றுச் சற்றாக வெளியே எடுங்கள். துரு துளையோடு ஒட்டியிருந்தால் முறுக்காமல், முன்னும் பின்னுமாக நூலளவு அசைத்து விடுவியுங்கள். துளைகள் பெரிதாகியிருந்தால் நடுத்தாளின் மடிப்பில் 1 செ.மீ. அகல டிஷ்யூப் பட்டை ஒட்டி உலரவிடுங்கள். புதுத் துளை போட வேண்டாம். ஒரு பின்னுக்கு 15 செ.மீ. மெல்லிய லினன் நூல் எடுத்து, உள்ளிருந்து முதல் துளை வழியே வெளியே போய், பழைய பின்னின் இரண்டாம் துளை வழியே உள்ளே வந்து, இரட்டை முடிச்சுப் போட்டு 1 செ.மீ. வால் விட்டு வெட்டுங்கள். நூலை எப்போதும் மடிப்பின் திசையிலேயே இறுக்குங்கள். குறுக்கே இழுத்தால் நூல் அரம்போலத் தாளை அறுத்துவிடும்.

கழன்ற கெட்டி அட்டையை மட்டும் வீட்டில் ஒட்ட வேண்டாம். பாரங்களாக, அதாவது மடித்த தாள்கட்டுகளாக, நூலால் தைத்த புத்தகத்தில் அட்டை கழன்றால் பெரும்பாலும் தையல் நன்றாகவே இருக்கும், அட்டையைப் புத்தகத்தோடு இணைக்கும் கீல் துணிதான் போயிருக்கும். முதுகில் நேரடியாகப் பசையை ஊற்றி அட்டையை அழுத்தினால் புத்தகம் விரியாது, விரித்தால் பக்கம் உடையும். பருத்தி நாடாவால் நான்கு பக்கமும் கட்டி, முடிச்சு வெளி ஓரத்தில் வரும்படி வைத்து, ஆவணக்காப்பு வேலை தெரிந்தவரிடம் கொடுங்கள். ரப்பர் பேண்டு போடாதீர்கள், உருகி ஒட்டும். புதிதாக பைண்டு பண்ணிவிடலாம் என்று யாராவது சொன்னால், ஓரங்களை வெட்டுவீர்களா என்று முதலில் கேளுங்கள். இயந்திரத்தில் ஓரம் சீவினால் ஓரத்தில் எழுதிய உங்கள் பெயரும் சேர்ந்து போகும். பிளாஸ்டிக் லேமினேஷனுக்கும் சம்மதிக்காதீர்கள். 1930-களில் அமெரிக்காவில் வில்லியம் பாரோ செல்லுலோஸ் அசிட்டேட் படலத்தைச் சூட்டிலும் அழுத்தத்திலும் தாளோடு சேர்க்கும் முறையைக் கொண்டுவந்தார். ஆவணக்காப்பகங்கள் நம்பிக்கையோடு அதை ஏற்றன. பிறகு அந்தப் படலமே சிதைந்து அமிலம் விட்டதால், பல ஆவணங்களைக் கரைப்பானில் இட்டுப் படலத்தைப் பிரிக்க வேண்டியதாயிற்று. தேர்ந்தவர்கள் நல்லெண்ணத்தோடு செய்ததற்கே அந்தக் கதி.

மகளுக்கு வாசிக்கும் விஷயம். முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள், அந்தப் பெட்டியில் உங்களுக்கு முந்தைய தலைமுறையின் நூலும் இருக்கலாம். 2008-ல் வந்த குழந்தைப்பொருள் சட்டத்தை ஒட்டி அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், 1985-க்கு முந்தைய குழந்தை நூல்களின் மையில் ஈயம் இருக்கக்கூடும் என்று எச்சரித்தது. வாயில் வைத்துக் கடிக்கும் குழந்தைக்கு அவற்றைக் கொடுக்க வேண்டாம். 5 வயதுக் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில் பயமில்லை. நல்ல வழி: ஒவ்வொரு பக்கத்தையும் 400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 400 புள்ளி) படமாக்கி, அச்செடுத்துத் தைத்து அவளுக்கென ஒரு பிரதி செய்யுங்கள். அதைக் கிறுக்கட்டும், மூலை மடிக்கட்டும். ஸ்கேனர் கண்ணாடியில் முதுகை அழுத்துவதைவிட மேலிருந்து கேமராவில் எடுப்பது நல்லது. இரண்டு பக்கமும் 45 டிகிரியில் விளக்கு, புத்தகத்துக்கு அடியில் இருபுறமும் சுருட்டிய துண்டு, 120 டிகிரிக்கு மேல் விரிக்காமல். அசலைக் கையாளக் கையுறை வேண்டாம். கழுவி நன்றாகத் துடைத்த வெறுங்கைதான் தாளின் ஓரத்தை உணரும், பருத்திக் கையுறையின் நார் கிழிசலில் மாட்டிக்கொள்ளும்.

வைக்கும் இடத்தில் ஈரப்பதம் 40 முதல் 55 சதவீதம் இருந்தால் நல்லது. 65-ஐத் தாண்டி நின்றால் பூசணம் வரும், 30-க்குக் கீழே போனால் நொறுங்கும் தாள் இன்னும் நொறுங்கும். சிறிய ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள். வெளிச்சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், அமிலமற்ற அட்டைப்பெட்டியில். பெரிய படப்புத்தகங்களைப் படுக்கவையுங்கள். பிவிசி உறை போடாதீர்கள், அது மையோடு ஒட்டும். கடைசியாக ஒரு சிறு சீட்டில் பென்சிலால் எழுதி அந்தப் பெட்டியில் வையுங்கள்: எந்தப் பக்கத்தில் என்ன பசை, எந்தத் தாள், எந்தத் தேதி, எந்தக் கிறுக்கல் யாருடையது. அடுத்து இந்தப் பெட்டியைத் திறப்பவர் நீங்கள் ஒட்டியதைக் கழற்ற வேண்டியிருந்தால், முதலில் தேடுவது அந்தச் சீட்டைத்தான்.